மிச்சிகன் தியேட்டர், ஆன் ஆர்பர்: அப்பாவோடு ஒரு மௌனப்படம்

டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆன் ஆர்பர் என்றால் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும்தான். சினிமா என்றால் நோவை, கேன்டன் பக்கத்து மல்டிபிளெக்ஸ்கள். தமிழ்ப் படம் அங்கேதான் வரும், அதனால் நாமும் அங்கேயே போய்ப் பழகிவிட்டோம். நானும் பதினோரு வருடம் அப்படித்தான் இருந்தேன். கிழக்கு லிபர்ட்டி தெருவில் மிச்சிகன் தியேட்டரை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். விளக்கு வரிசை மின்னும் அந்த முகப்பைப் பார்த்து "அழகாக இருக்கிறதே" என்று நினைத்ததோடு சரி, உள்ளே போனதில்லை. போன அக்டோபரில் அப்பா மதுரையிலிருந்து வந்திருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் இத்தனை நாள் எதைத் தவற விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுரையில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். 1968-இல், பதினேழு வயதில், ரீல் சுற்றும் பையனாகச் சேர்ந்தார். பிறகு லைசென்ஸ் எடுத்து, ஏறக்குறைய நாற்பது வருடம் கேபினுக்குள்ளேயே நின்றார். புரொஜக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிந்து குறையக் குறைய, இரண்டு முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரையில் வெளிச்சம் மங்கும், கீழேயிருந்து விசில் பறக்கும். எங்கள் வீட்டில் அவருடைய சட்டை எல்லாவற்றிலும் அந்தக் கேபின் வாசனை இருக்கும். டிஜிட்டல் வந்து, படம் பெட்டியில் வருவது நின்றுபோனதும் அவர் வேலையும் நின்றது. யார் மீதும் குறை சொல்ல மாட்டார். ஆனால் எந்தத் தியேட்டரில் போய் உட்கார்ந்தாலும், படம் தொடங்குமுன் ஒரு முறை திரும்பிப் பின்சுவரில் இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடி ஜன்னலைப் பார்ப்பார். இன்றைக்கும் பார்க்கிறார்.

அவர் வந்த முதல் வாரம், பேரப் பிள்ளைகளோடு ஒரு மல்டிபிளெக்ஸுக்குப் போனோம். எது என்று சொல்ல வேண்டாம். சாய்ந்து படுக்கும் நாற்காலி, மடியிலேயே சாப்பாட்டுத் தட்டு, எல்லா வசதியும் இருந்தது. படம் ஓடிப் பத்து நிமிடத்தில், "படம் இருட்டா இருக்குத்தா" என்றார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. "முகத்துல வெளிச்சமே விழல பாரு, 3டி கண்ணாடி எதையும் லென்ஸ் முன்னாடி விட்டுட்டாங்களோ என்னமோ" என்றார். நான் வெளியே போய்ச் சொன்னேன். பாப்கார்ன் கவுண்டரில் நின்ற பையனுக்கு கேபின் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. எல்லாம் தானாக ஓடுகிறது, மேலே யாரும் கிடையாது என்றான். திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் முழுப் படத்தையும் பார்த்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவரை வேறு எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்று தேடினபோதுதான், மிச்சிகன் தியேட்டரில் அந்தக் காலத்துச் சிரிப்பு நடிகர் பஸ்டர் கீட்டன் நடித்த ஒரு மௌனப்படம், பைப் ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவியின் வாசிப்போடு, ஞாயிறு மதியம் என்று பார்த்தேன்.

டிக்கெட் ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம். ஆனால் நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை. அப்பாவுக்கு டிக்கெட் கவுண்டரில் நின்று வாங்குவது பிடிக்கும்.

உள்ளே நுழைந்ததும் வருகிற பெரிய கூடம்தான் முதலில் ஆளை நிறுத்தும். உயர்ந்து வளைந்த கூரை, தங்க நிறம் பூசிய பூவேலை, தூண்கள், தொங்கும் விளக்குகள், மேலே பால்கனிக்கு ஏறும் படிக்கட்டு. அப்பா நடுக்கூடத்தில் நின்று கழுத்தை நிமிர்த்தி ஒரு சுற்றுச் சுற்றினார். "வெளிய தெருவ மறக்கட்டும்னுதான் இதக் கட்டியிருக்கான்" என்றார். அது முழுக்க உண்மை. 1920-களில் அமெரிக்கா முழுவதும் பட அரண்மனை என்று சொல்லிக் கட்டிய தியேட்டர்கள் எல்லாம் அந்த எண்ணத்தில் கட்டியவைதான். காசு குறைந்த ஆளும் உள்ளே வந்து இரண்டு மணி நேரம் மாளிகையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று. இதைக் கட்டியவர் ஆஞ்சலோ பூலோஸ் என்ற கிரேக்கர், இந்த ஊரில் குடியேறி வியாபாரம் செய்தவர். வரைபடம் போட்டவர் மாரிஸ் ஃபிங்கல். 1928 ஜனவரி 5-ஆம் தேதி திறந்தார்கள். அன்று சுமார் 1,700 இருக்கைகள்.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். அமெரிக்காவில் பேசும் படம் வந்து பரபரப்பானது 1927 அக்டோபரில். அதற்கு மூன்றே மாதம் கழித்துத் திறந்த இந்தத் தியேட்டரில், மௌனப்படத்துக்கு வாசிப்பதற்கென்று பார்ட்டன் என்ற நிறுவனத்தின் ஆர்கன் ஒன்றை வைத்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்கோஷில் செய்தது. மூன்று அடுக்குக் கட்டைகள், பதின்மூன்று வரிசைக் குழாய்கள். குழாய்கள் வெளியே தெரியாது. மேடைக்கு இரண்டு பக்கமும் சுவருக்குப் பின்னால் அறைகளில் நிற்கின்றன. வாசிப்பவர் உட்காரும் மேசை மட்டும் மேடைக்கு முன்னால் பள்ளத்தில் இருக்கும், லிஃப்டில் மேலே ஏறி வரும். இத்தனை பாடுபட்டு வைத்த கருவிக்குச் சில வருடங்களிலேயே வேலை இல்லாமல் போய்விட்டது. படம் பேச ஆரம்பித்துவிட்டதே, பிறகு ஆர்கன் எதற்கு? கொஞ்ச காலம் இடைவேளைகளில் வாசித்தார்கள், அப்புறம் அதுவும் நின்றது. ஆர்கன் பல வருடம் ஊமையாகக் கிடந்தது.

இதை நான் படித்துச் சொன்னபோது அப்பா கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வேறு எந்த வரலாற்றையும் அவர் இப்படிக் கேட்டதில்லை.

தியேட்டர் மட்டும் நன்றாக ஓடியது. ஜெரால்ட் ஹோக் என்ற ஒரே மேனேஜர், திறந்த 1928-லிருந்து 1974 வரை, இதை நடத்தியிருக்கிறார். நாற்பத்தாறு வருடம்! "அப்ப அவருக்கு ஊர்ல எல்லார் முகமும் தெரிஞ்சிருக்கும்" என்றார் அப்பா. 1950-களில் காலத்துக்கு ஏற்ப நவீனமாக்குகிறோம் என்று பழைய பூவேலைகளை மூடியும் எடுத்தும் மாற்றினார்கள். நம் ஊரிலும் இது நடந்ததுதானே, செதுக்கிய தூணுக்கு மேல் பிளைவுட் அடித்து ஏசி தியேட்டர் என்று போர்டு மாட்டியதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்புறம் டிவி வந்தது, ஊருக்கு வெளியே மால்கள் வந்தன, பெரிய கார் நிறுத்துமிடத்தோடு பல திரை தியேட்டர்கள் வந்தன. நகரின் நடுவில் ஒரே திரையும் ஆயிரத்துச் சொச்சம் இருக்கையும் வைத்திருந்தவர்களுக்கு, வார நாட்களில் பாதி இருக்கை கூட நிரம்பாத நிலை வந்தது. 1979-இல் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்த நிறுவனம் விலகியது. உள்ளே எல்லாவற்றையும் இடித்துத் தள்ளி, கடைகள் கட்டலாம் என்று திட்டம் வந்தது.

இங்கேதான் அந்த ஆர்கன் மறுபடி வருகிறது. 1970-களின் தொடக்கத்தில், ஆர்கன் மீது பிரியம் கொண்ட சில பேர், கூலி எதுவும் வாங்காமல் வந்து உட்கார்ந்து அந்தக் கருவியைப் பழுது பார்த்திருந்தார்கள். தோல் துண்டு தோல் துண்டாக மாற்றி, குழாய் குழாயாகச் சுத்தம் செய்து, பேச வைத்திருந்தார்கள். தியேட்டரை இடிக்கப் போகிறார்கள் என்றதும் முதலில் பதறி எழுந்தவர்களில் அவர்கள் இருந்தார்கள். அந்த ஆர்கனைக் கழற்றி வேறு இடத்தில் வைத்தால் அது வேறு ஆர்கன் ஆகிவிடும். அந்தக் குழாய்கள் அந்த அறைகளுக்கும் அந்தக் கூரைக்கும் அளந்து வைத்தவை. ஆகவே ஆர்கன் பிழைக்க வேண்டுமானால் கட்டடம் பிழைக்க வேண்டும். ஊர்க்காரர்கள் சேர்ந்து லாப நோக்கம் இல்லாத ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அப்போது மேயராக இருந்த லூயிஸ் பெல்ச்சர் துணை நின்றார், நகராட்சி கைகொடுத்தது. எண்பதுகளில் ஊர் மக்களே ஓட்டுப் போட்டு, இதற்காகத் தங்கள் வரியில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டச் சம்மதித்தார்கள். ஒரு சினிமா தியேட்டருக்காக! 1986-இல் மூடிக் கிடந்த பூவேலைகளைத் திரும்பக் கொண்டுவந்து, பழைய வண்ணங்களைத் தேடிப் பிடித்து அடித்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் முகப்பைப் பழையபடி அமைத்து, பக்கத்தில் சுமார் 200 பேர் உட்காரும் இன்னொரு சின்ன அரங்கையும் சேர்த்தார்கள்.

வேலை போன ஒரு கருவி, தன்னை வைத்திருந்த கட்டடத்தைக் காப்பாற்றியிருக்கிறது. இந்தத் தியேட்டரைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றுவதில் பெரியது இதுதான்.

அப்பா உடனே தங்கத்தை நினைத்துக்கொண்டார். மதுரையில் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்த தங்கம் தியேட்டர். 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்தது. 2,563 இருக்கை, ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிச் சொன்னது. அப்பா அங்கே வேலை பார்த்ததில்லை. ஆனால் சிறு வயதில் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் முதல் படம் பார்த்தார். கூட்டம் குறைந்து, மூடிக் கிடந்து, கடைசியில் இடித்தார்கள். இப்போது அந்த இடத்தில் துணிக்கடை. "நம்ம ஊர்லயும் எல்லாரும் அழுதாங்க. ஆனா யாருகிட்ட போய் என்ன கேக்கிறதுன்னு தெரியல" என்றார். நான் இதைப் பல நாள் யோசித்தேன். மதுரைக்காரர்களுக்குப் பாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. தனியார் சொத்தை ஊர் வாங்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது என்று இங்கே நாலு பேருக்குத் தெரிந்திருந்தது. அங்கே அப்படி ஒரு வழியை யாரும் காட்டவில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன்.

நாங்கள் பால்கனியில் முதல் வரிசைக்குப் போனோம். மூட்டு வலி இருக்கிற பெரியவர்களைக் கூட்டிப் போனால் கீழேயே, நடு வரிசைகளில் உட்காருங்கள். ஆர்கன் வாசிப்பவரின் கையையும் காலையும் பார்க்க வேண்டுமானால் கீழே முன்பக்கம் நல்லது. ஆனால் முழுக் கூரையையும் மேடைக்கு மேலே இருக்கும் வளைவையும் திரையையும் சேர்த்து ஒரே பார்வையில் பார்க்க பால்கனிக்கு ஈடு இல்லை. அப்பா உட்கார்ந்ததும் வழக்கம்போல் திரும்பிப் பார்த்தார். மேலே கேபின் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. "ஆள் இருக்கான்" என்றார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எப்படி எழுதுவது?

விளக்கு மெல்ல மங்கியது. பள்ளத்திலிருந்து ஆர்கன் மேசை, ஏற்கெனவே வாசித்தபடியே, ஏறி வந்தது. முதல் சுரம் காதுக்கு வருமுன் நாற்காலிக் கைப்பிடியில் வந்துவிட்டது. தாழ்ந்த குழாய்களின் ஒலியை விரல் நுனியால்தான் முதலில் உணர முடிகிறது. ஸ்பீக்கரில் வருகிற சத்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்: நாகஸ்வரத்தை டேப்பில் கேட்பதற்கும், கோயில் மண்டபத்தில் பத்தடி தூரத்தில் நின்று கேட்பதற்கும் உள்ள தூரம். காற்று குழாய்க்குள் போய் வெளியே வருகிறது. அறை முழுக்க அந்தக் காற்றுதான்.

படம் ஓடும்போது வாசிப்பவர் தலை திரையை விட்டு நகரவே இல்லை. கீட்டன் ஓடினால் விரல்கள் ஓடின. அவர் நின்று கேமராவைப் பார்க்கும்போது வாசிப்பும் நின்று, ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கதவு அறைபட்டால் முரசு, தட்டு விழுந்தால் ஜால்ரா மாதிரி ஒரு சத்தம், பறவை வந்தால் விசில். இதெல்லாம் ஏதோ ரெக்கார்டு என்று என் சின்ன மகன் நினைத்தான். இல்லை, உண்மையான முரசும் தாளமும் அந்தச் சுவர் அறைகளுக்குள் இருக்கின்றன, ஆர்கன் கட்டையை அழுத்தினால் அங்கே அடிபடும் என்று சொன்னதும் பாதிப் படத்தை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மகனுக்கு எட்டு வயது. வண்ணமும் வசனமும் இல்லாத, நூறு வருடப் பழசான ஒரு படத்தை அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தான். சுற்றி இருந்த ஐந்நூறு அறுநூறு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கீழேயிருந்து பால்கனிக்கு ஏறி வந்து மறுபடி கீழே இறங்கியது. பெரிய தியேட்டரில் மட்டும்தான் சிரிப்பு அப்படி நடக்கும். மதுரையில் சின்ன வயதில் கேட்டது. மறந்தே போயிருந்தேன்.

கீட்டனுக்கும் இந்த மாநிலத்துக்கும் உறவு உண்டு. நாடகக் குடும்பத்துப் பிள்ளை அவர். கோடைக்காலத்தில் அரங்குகள் மூடும்போது, மிச்சிகன் ஏரிக்கரையில் மஸ்கீகனில் நாடகக்காரர்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட குடியிருப்புக்கு அவர் குடும்பம் வந்துவிடும். பேஸ்பால் ஆடிக்கொண்டு அவர் வளர்ந்தது அங்கேதான். அந்த ஊர் இங்கிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் போகிற தூரம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா ஒன்று சொன்னார். நம் ஊரிலும் மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வாராம். ஆர்மோனியமும் தபலாவும் இருக்குமாம். அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட பழைய ஆபரேட்டர் சொல்லிக் கேட்டதாம். அந்தக் கதை சொல்லிகள் பேசும் படம் வந்ததும் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். "என்ன ஆவாங்க, போயிட்டாங்க" என்றார்.

படம் முடிந்து எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஆர்கன் வாசித்தவர் திரும்பிக் கும்பிடு மாதிரி தலை குனிந்தார். நாங்கள் மெதுவாகக் கீழே இறங்கி வந்தோம். அங்கே டிக்கெட் கிழிப்பவர்கள், இடம் காட்டுபவர்கள் பலரும் தன்னார்வலர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மாதிரி இருக்கிறார்கள். அதில் ஒரு பெரியம்மாவிடம், என் அப்பா இந்தியாவில் ஆபரேட்டராக இருந்தவர், இங்கே ஃபிலிம் புரொஜக்டர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். பெரும்பாலான படங்கள் இப்போது டிஜிட்டலில்தான் வருகின்றன என்றாலும் 35 எம்எம் புரொஜக்டரைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறார்கள், பழைய பிரதி கிடைக்கும்போது அதில் ஓட்டுகிறார்கள். அப்பாவுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு மிஷினா, ரெண்டு மிஷினா?" இரண்டு மெஷின் இருந்தால்தான் ஒரு ரீல் முடியும்போது அடுத்ததுக்கு மாற்ற முடியும். திரையின் மேல் வலது மூலையில் ஒரு புள்ளி வரும், அப்போது மோட்டாரைப் போட வேண்டும். ஏழு எட்டு விநாடியில் இன்னொரு புள்ளி, அப்போது மாற்ற வேண்டும். நாற்பது வருடம் அந்தப் புள்ளிக்காகக் கண் விழித்திருந்தவர். அந்தப் பெரியம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் ஒரு நிமிடம் இருங்கள் என்று உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டு என்று இரண்டு விரலைக் காட்டிக்கொண்டே படியிறங்கி வந்தார். அப்பா அவரைப் பார்த்துக் கை கூப்பினார்.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம்.

கார் நிறுத்த மேனார்ட் தெருவில் அடுக்குமாடி நிறுத்துமிடம் இருக்கிறது, நடந்தால் மூன்று நான்கு நிமிடம். இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டம் உள்ளூரில் நடக்கிற சனிக்கிழமையில் மட்டும் போகாதீர்கள். அந்த ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆள் கூடுகிறது, ஊருக்குள் காரை நுழைக்கவே முடியாது. ஞாயிறு மதியம்தான் நல்லது. பாப்கார்னுக்கு வெண்ணெய் உருக்கி ஊற்றித் தருகிறார்கள். என் பிள்ளைகள் இப்போது வேறு எங்கேயும் பாப்கார்ன் கேட்பதில்லை. படத்தின் நடுவில் இடைவேளை கிடையாது, பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். என் அப்பா இடைவேளைக்காகக் காத்திருந்து, வராது என்று தெரிந்ததும் கொஞ்சம் தவித்துப் போனார்.

சாதாரண நாட்களில் இங்கே பெரிய ஹாலிவுட் மசாலாவை விட, வெளிநாட்டுப் படங்கள், ஆவணப்படங்கள், மறுபடி திரையிடும் பழைய படங்கள்தான் அதிகம். ஆன் ஆர்பர் சிம்ஃபனி இசைக்குழுவின் கச்சேரிகளும் இதே மேடையில் நடக்கின்றன. மார்ச் மாதம் ஆன் ஆர்பர் திரைப்பட விழா. 1963-இல் தொடங்கியது, சோதனைப் படங்களுக்கென்றே இத்தனை வருடமாக நடக்கிற விழா. அதில் 16 எம்எம் ஃபிலிம் இன்னும் ஓடுகிறது. எல்லாப் படமும் புரியும் என்று நான் சொல்ல மாட்டேன். சில படங்களில் வெறும் கீறலும் வெளிச்சமும்தான். ஆனால் பதின்ம வயதுப் பிள்ளைகளை ஒரு நாளாவது கூட்டிப் போங்கள். சினிமா என்றால் இதுவுமா என்று அவர்கள் கண் விரிவதைப் பார்க்க வேண்டும்.

நாலு கடை தள்ளி நடந்தால் ஸ்டேட் தெருவில் ஸ்டேட் தியேட்டர். அதையும் இதே அமைப்புதான் நடத்துகிறது. 1942-இல் கட்டியது, செங்குத்தாக நிற்கும் பெயர்ப் பலகையும் நியான் விளக்குமாக இரவில் தெருவையே சிவக்க வைக்கும். அதன் கதை இவ்வளவு சுகமானது இல்லை. 1977-இல் ஒரே அரங்கைத் தடுத்து நான்காக்கினார்கள். அதன் பிறகு கீழ்த்தளம் துணிக்கடையாகிவிட்டது, படம் மேலே பால்கனி இருந்த பகுதியில் மட்டும். அப்பாவிடம் சொன்னபோது, "இங்கயும் துணிக்கடையா?" என்று நின்றுவிட்டார். மேலே மிச்சம் இருந்ததை இந்த அமைப்பு 2014-இல் வாங்கி, 2017 கடைசியில் புதுப்பித்துத் திறந்தது. இப்போது நான்கு சின்னத் திரைகள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன், நன்றாக இருக்கிறது. ஆனால் 1942-இல் கீழே உட்கார்ந்து மேலே பார்த்தவர் கண்ட அரங்கு இனி வராது. மிச்சிகன் தியேட்டருக்கு எது நடந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ஸ்டேட் வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

அந்தத் தெருவில் இன்னொரு இழப்பும் உண்டு. மிச்சிகன் தியேட்டருக்கு எதிர்வரிசையில்தான் பார்டர்ஸ் புத்தகக் கடையின் தலைமைக் கடை இருந்தது. 1971-இல் இந்த ஊரில் பிறந்து நாடு முழுக்கப் பரவிய கடை. 2011-இல் எல்லாக் கிளையோடும் சேர்த்து மூடிவிட்டார்கள். பெரிய நிறுவனம் போய்விட்டது, எதிரே ஊர்க்காரர்கள் கைமாற்றி வைத்திருக்கும் தியேட்டர் நிற்கிறது. 2020-இல் கொரோனாவுக்கு மூடியபோது இதுவும் போய்விடும் என்று பயந்தவர்கள் இங்கே நிறைய. உறுப்பினர்கள் சந்தாவும் நன்கொடையும் நிறுத்தாமல் கொடுத்தார்கள். மறுபடி திறந்தது.

உறுப்பினர் என்று சொன்னேனே, அதைப் பற்றி நம்மவர்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேச வேண்டும். வருட சந்தா கட்டினால் டிக்கெட் விலை குறைகிறது, அது ஒரு பக்கம். நாம் இந்த வட்டாரத்தில் இருபது முப்பது வருடமாக இருக்கிறோம். கோயில் கட்டியிருக்கிறோம், தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம், பொங்கலுக்கு அரங்கு எடுத்து ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடுகிறோம். ஊர்ப் பொதுவில் இருக்கிற இந்த மாதிரி இடத்தில் மட்டும் நம் முகம் அதிகம் தெரிவதில்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நாங்கள் ஒரே குடும்பம்தான். நம் ஊர்த் தியேட்டர்கள் போனதைப் பற்றி ஒவ்வொரு விருந்திலும் பேசுகிறோம், அந்தப் பேச்சில் நானும் உண்டு. பிழைத்த தியேட்டர் அரை மணி தூரத்தில் இருக்கிறது. வந்து உட்காருங்கள். இங்கே அரங்கை வாடகைக்கும் கொடுக்கிறார்கள். ஒரு நாள் ஒரு பழைய தமிழ்ப் படத்தை, நல்ல பிரதியாகப் பார்த்து எடுத்து, அந்தத் திரையில் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. பத்துப் பேர் சேர்ந்தால் நான் அலையத் தயார்.

அப்பா நவம்பரில் மதுரைக்குத் திரும்பினார். நான் அதன் பிறகு உறுப்பினராகச் சேர்ந்தேன். குடும்பத்தோடு நான்கு முறை போய்விட்டோம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசும்போது பேரப் பிள்ளைகளின் படிப்பு, பனி எவ்வளவு, எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "ஆர்கன் வாசிக்கிறவரு வந்தாரா?" என்று கேட்பார். டவுன் ஹால் ரோட்டு டீக்கடையில் பழைய ஆபரேட்டர் நண்பர்கள் இரண்டு பேர் இன்னும் கூடுகிறார்கள். அவர்களிடம் சுவருக்குள் முரசு இருக்கும் கதையைச் சொல்லியிருக்கிறார், ஒருத்தர் நம்பவில்லையாம். நான் வீடியோ எடுத்து அனுப்பினேன்.

மார்ச்சில் மறுபடி வருகிறார். திரைப்பட விழாவுக்கு இரண்டு நாளுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஓடப்போவது என்ன படம் என்று அவர் கேட்கவே இல்லை. ரீலில் ஓடுமா என்று மட்டும் கேட்டார். ஓடும் என்றேன்.